கனமழைக்குப் பிறகு ராட்சதப் பூசணிக் கொடியைக் காப்பாற்றுவது எப்படி?

2023 ஜூலையில் மாசசூசெட்ஸில் மழை விடவே இல்லை. மேற்கே கனெக்டிகட் ஆற்றங்கரைப் பண்ணைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் ஊரில் வெள்ளம் வரவில்லை. ஆனால் கொல்லையில் முதல்முறையாக வளர்த்த அட்லாண்டிக் ஜெயண்ட் பூசணிக் கொடியின் தூரிலிருந்து ஒருநாள் காலை புளித்த தோசைமாவு வாசனை வந்தது. குனிந்து பார்த்தேன். தண்டு வெடித்து, வெடிப்பிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது. காய்க்கு அன்று 22 நாள் வயது. அந்த இடத்தில் கத்தி வைக்கப் பயந்து, "வெயில் வந்தால் காய்ந்துவிடும்" என்று காத்திருந்தேன். நான்காம் நாள் இலைகள் எல்லாம் சாய்ந்துவிட்டன.

அந்தக் கொடியைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது. அடுத்த பருவத்தில் இதே அழுகல் திரும்ப வந்தபோது காப்பாற்றினேன். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து பக்கம் முதல்முறையாக இந்த விதையைப் போடுகிறவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். ஊரில் பரங்கிக்கொடி வளர்த்த அனுபவம் இருந்தாலும் படியுங்கள். அந்தக் கொடி மழையில் தானாகத் தேறிவிடும். நாள் ஒன்றுக்கு 10, 15 கிலோ ஏறும் காயைச் சுமக்கும் இந்தக் கொடிக்கு நம் உதவி வேண்டும்.

முதலில் காலக்கணக்கு. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் விதை முளைக்க வைப்போம். மே நடுவில் வெளியே நடுவோம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10க்குள் கையால் மகரந்தம் சேர்ப்போம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை எடைப் போட்டிகள். காய் மிக வேகமாகப் பெருப்பது மகரந்தம் சேர்த்த 20 முதல் 40 நாள் வரைதான். அதாவது ஜூலை கடைசியும் ஆகஸ்டும். இங்கே இடிமழை கொட்டும் காலமும் அதுவே.

1. ஜூன் மாதத்துக்குள் வாங்கி வைக்க வேண்டியவை

மழை பெய்த மறுநாள் கடைக்கு ஓடினால் ஒரு நாள் வீணாகும். எனக்கு ஆன செலவு தோராயமாக இது: பெட்டி ஃபேன் 25 டாலர், வெளியில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் வயர் 30, கந்தகத் தூள் 12, 70 சதவீத ரப்பிங் ஆல்கஹால் 4, மழைமானி 10. பழைய வராந்தாக் குடை ஒன்று வீட்டிலேயே கிடந்தது. மடக்குக் கத்தி ஒன்றும் பழைய டீஸ்பூன் ஒன்றும் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். எல்லாம் சேர்ந்து 100 டாலருக்குள் முடிந்துவிடும்.

ஃபேனை ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள வெளிப்புற பிளக்கில் மட்டும் சொருகுங்கள். ஈரத்தில் கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிளக் அது. வீட்டுக்குள்ளிருந்து சாதாரண வயரை ஜன்னல் வழியாக இழுக்கவே கூடாது. மின்விசிறியை ஒரு செங்கல் மேல் வைத்து, மழை படாமல் குடைக்கு உள்ளே தள்ளி வையுங்கள்.

கந்தகத் தூள் பொட்டலத்தில் இருக்கும் லேபிள்தான் உங்கள் முதல் ஆவணம். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி எதுவானாலும் லேபிளில் சொன்னபடி பயன்படுத்துவது சட்டம். பழைய ஆட்கள் கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசச் சொல்வார்கள். வாங்கும் முன் அதன் லேபிளில் பூசணி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

2. தண்ணீர் வெளியேற வழி

ஒரு கணக்கு சொல்கிறேன். ராட்சதப் பூசணிக் கொடி ஒன்றுக்கு நான் விடும் இடம் 600 சதுர அடி. அதன்மேல் ஒரு அங்குல மழை பெய்தால் 374 கேலன், ஏறக்குறைய 1,400 லிட்டர் தண்ணீர் விழுகிறது. நான் தினமும் விடுவது 40 கேலன். மூன்று அங்குலம் கொட்டினால் ஒரு மாதத் தண்ணீர் ஒரே இரவில் வந்துவிடும். களிமண் என்றால் அது அங்கேயே நிற்கும்.

அதனால் நடும்போதே தூர் இருக்கும் இடத்தைச் சுற்றுமண்ணைவிட ஓர் அடி உயர்த்தி மேடாக்குங்கள். சரிவின் தாழ்ந்த பக்கம் வடிகால் வெட்டுங்கள். இங்கே இரண்டு விஷயங்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, மண்வெட்டியைத் தொடும் முன், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் சேவையின் எண்ணான 811க்கு அழைப்பது. மாசசூசெட்ஸில் இது சட்டம். சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 72 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. வெட்டப்போகும் இடத்தை முன்கூட்டியே வெள்ளை பெயின்டால் அடையாளமிட்டு வையுங்கள். அவர்கள் வந்து கேஸ் குழாய், மின்கம்பி போகும் இடங்களைக் குறித்துவிட்டுப் போவார்கள். அழைத்ததற்குக் கொடுக்கும் பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீட்டுக்குப் பின்னால் ஓடையோ சதுப்போ இருந்தால் அதிலிருந்து 100 அடிக்குள் (வருடம் முழுதும் ஓடும் ஓடையானால் பெரும்பாலான ஊர்களில் 200 அடிக்குள்) வடிகால் வெட்ட, ஈரநிலங்களைக் காக்கும் ஊர்க் குழுவான கன்சர்வேஷன் கமிஷனிடம் முதலில் கேட்க வேண்டும். கொல்லை நம்முடையதுதான், ஆனால் அந்த எல்லைக்குள் மண்ணைப் புரட்ட அனுமதி தேவைப்படலாம். இதை ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். கமிஷன் கூடுவது மாதத்துக்கு ஓரிரு முறைதான். ஜூலையில் கேட்டால் பதில் வருவதற்குள் பருவம் போய்விடும்.

3. கனமழை அறிவிப்பு வந்ததும்

இரண்டு நாள் இருக்கும்போதே உரத்தை, முக்கியமாகத் தழைச்சத்தை நிறுத்துங்கள். தண்ணீரைக் குறையுங்கள், ஆனால் முழுதாக நிறுத்த வேண்டாம். "மழை வருகிறதே" என்று நான்கு நாள் காயப்போட்டால், வறண்ட கொடி மழைநீரை ஒரே மூச்சில் உறிஞ்சிக் காயை வெடிக்க வைக்கும்.

மழைக்கு முந்தைய நாள் பக்கக்கொடி, ஆண் பூ, பழுத்த இலை எதையும் வெட்டாதீர்கள். பூசணித் தண்டும் இலைக்காம்பும் உள்ளே குழல். வெட்டிய காம்பு மேல்நோக்கி நின்றால், மழைநீர் அதில் நிரம்பி கணுவரை இறங்கி அழுக வைக்கும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெயிலுள்ள காலையில், மழைக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

தூரின்மேல் குடையை நடுங்கள். கூடாரம்போல் பிளாஸ்டிக் ஷீட் கட்டினாலும் சரி, பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மொத்தமாகப் போர்த்தினால் உள்ளே ஆவி கட்டி, மழையில் நனைந்ததைவிட மோசமாகும்.

அப்புறம், தூரைச் சுற்றி மண்ணோ கம்போஸ்டோ அணைத்திருந்தால் கையால் விலக்குங்கள். நான் முதல் வருடம் செய்த பெரிய தவறு இதுதான். கொடியின் கணுக்களை மண்ணில் புதைத்தால் வேர் விடும், அது நல்லது. அதே நினைப்பில் தூரையும் கழுத்துவரை புதைத்துவிட்டேன். தூருக்குக் காற்று படவேண்டும். முதல் ஓர் அடி நீளத்துக்குத் தண்டு வெளியே தெரிய வேண்டும்.

4. மழை நின்ற அன்றே பார்க்க வேண்டிய இடங்கள்

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குடையை விலக்கி ஃபேனைப் போட்டுவிட்டு, தூரிலிருந்து தொடங்குங்கள். மூக்குதான் முதல் கருவி. கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே புளிப்பு வாசனை வந்துவிடும். பிறகு தூரின் அடிப்பக்கம், தண்டில் நீளவாட்டில் விழுந்த கீறல்கள், முன்பு காம்பு வெட்டிய இடங்கள், முதிர்ந்த இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கங்கள், காயின் காம்பு என்று போங்கள்.

புதைத்த கணுக்களையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம். தண்ணீர் தேங்கிய பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் மேல்மண்ணை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தண்டு கெட்டியாக இருக்கும். அழுகிய தண்டு வெந்த சுரைக்காய்போல அமுங்கும், விரலில் பழுப்பு நீர் ஒட்டும். அப்படி ஒரு கணு கிடைத்தால் அதன் இருபுறமும் அடுத்தடுத்த கணுக்களையும் திறந்து பார்த்து, மூடாமல் காயவிடுங்கள்.

5. அழுகலை வெட்டி எடுத்தல்

நான் பயந்து தள்ளிப்போட்ட வேலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேரம்: மழையில்லாத நாளின் காலை. மாலைக்குள் காயம் காய வேண்டும். மாலையில் வெட்டினால் இரவுப் பனி இறங்கி மறுபடி ஈரமாகும்.

கத்தியையும் டீஸ்பூனையும் ஆல்கஹாலில் துடையுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் திரும்பத் துடைக்க வேண்டும். சோம்பல் பட்டால் ஒரு காயத்திலிருந்து இன்னொன்றுக்கு நாமே நோயைக் கொண்டுபோவோம்.

அழுகிய சதையை டீஸ்பூனால் சுரண்டுங்கள். பழுப்பும் சளியும் போய், வெளிர்பச்சையாகக் கெட்டியான சதை தெரியும்வரை சுரண்ட வேண்டும். "இவ்வளவு எடுத்துவிட்டோமே" என்று நடுவில் நிறுத்தினால் மொத்த உழைப்பும் வீண். இரண்டாம் வருடம் நான் தண்டின் பாதிச் சுற்றளவை எடுத்தேன். கை நடுங்கியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அந்தக் கொடி செப்டம்பர்வரை காயை வளர்த்தது.

சுரண்டிய இடத்தை, ஒரு பங்கு ப்ளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுங்கள். ப்ளீச்சும் ஆல்கஹாலும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கத்திக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் ஒரு குழிபோல இருந்து நீர் தேங்கினால், அதன் தாழ்ந்த பக்கம் சிறிய கீறல் போட்டு வடியவிடுங்கள். பிறகு ஃபேனை இரண்டடி தூரத்தில் வைத்து, இரவு பகலாக மூன்று நாள் ஓடவிடுங்கள். மேல்பகுதி காய்ந்து தோல் கட்டியபின் கந்தகத் தூளை லேசாகத் தூவலாம். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தூவாதீர்கள். இலைமேல் பட்டால் கருகிவிடும்.

இங்கே எல்லாரும் செய்யும் மூன்று தவறுகள் உண்டு. வெடித்த தண்டை டேப்பால் சுற்றுவது, அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். ஈரமாக இருக்கும்போதே தூளைக் கொட்டுவது, அது சேறாகித் தங்கும். மூன்றாவது, நம் வீட்டு வழக்கப்படி மஞ்சளைக் குழைத்துப் பூசுவது. நானும் பூசிப் பார்த்தேன். குழைவின் ஈரம் காயாமல் நின்று, அடியில் அழுகல் நகர்ந்துகொண்டே போனது. மருந்து எதுவானாலும் காற்றுக்குப் பிறகுதான்.

மூன்று நாள் கழித்தும் நுரை வந்தால் மறுபடி சுரண்டுங்கள். அப்போதும் நிற்காமல் அழுகல் தூரைத் தாண்டி முதன்மைக் கொடிக்குள் நகர்ந்தால், தூரையே வெட்டிப் பிரித்துவிடலாம். கேட்கவே பதறும். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து கணுக்களைப் புதைத்து வந்திருந்தால், ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கும். ஆகஸ்டில் கொடி குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த வேர்கள் வழியாகத்தான் வருகிறது. நல்ல தண்டுவரை வந்து, ஒரே வெட்டாக வெட்டி, முனையைக் காயவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் காயின் வளர்ச்சி தளரும், பிறகு பிடித்துக்கொள்ளும். இது 2023 ஜூலையில் எனக்குத் தெரியாது.

6. எல்லா வாட்டமும் அழுகல் இல்லை

வெட்டும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தண்டில் துளையும், துளையருகே ஈர மரத்தூள் போன்ற கழிவும் இருந்தால் அது தண்டுத் துளைப்பான் புழு. நீளவாட்டில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மண்ணால் மூடலாம். மழையே இல்லாமல் ஒவ்வொரு கொடியாகப் பகலில் வாடினால், வெள்ளரி வண்டு பரப்பும் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை.

நிஜமாகப் பயப்பட வேண்டியது ஃபைட்டாப்தோரா. தேங்கிய தண்ணீரில் நீந்திப் பரவும் கிருமி அது. தூர் கறுத்து, கொடி முழுவதும் ஓரிரு நாளில் விழும். காயின்மேல் ஊறிய இடத்தில் வெள்ளை மாவு தூவியதுபோலத் தெரியும். மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், ஆம்ஹெர்ஸ்டில் இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத் தாவர நோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். படிவத்தையும் அன்றைய கட்டணத்தையும் அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். முழுதாக அழுகிய துண்டை அனுப்பினால் பயனில்லை. நல்ல சதையும் கெட்ட சதையும் சேரும் விளிம்பை வெட்டி, உலர்ந்த காகிதத் துண்டில் சுற்றி, பையில் போட்டு, திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் வாரக்கடைசியில் தபால் நிலையத்திலேயே வெந்துவிடும். நட்ட தேதி, மழை அளவு, போட்ட உரம், படங்கள் எல்லாம் படிவத்தோடு வேண்டும். நோட்டில் தினமும் எழுதி வருகிறவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

ஃபைட்டாப்தோரா என்று உறுதியானால் செடியைக் கம்போஸ்ட்டில் போடாமல் மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் பூசணி, தக்காளி, மிளகாய் எதுவும் பல வருடம் வேண்டாம்.

7. காய் வெடிப்பு

மழைக்குப் பிந்தைய ஐந்தாறு நாள் காயைத் தினமும் அளவெடுங்கள். தரையோடு சுற்றளவு, பக்கவாட்டில் மேல்வழியாக ஓர் அளவு, முன்பின்னாக மேல்வழியாக ஓர் அளவு. மூன்றையும் அங்குலத்தில் கூட்டி, பூசணி வளர்ப்பவர்களின் அட்டவணையில் பார்த்தால் உத்தேச எடை கிடைக்கும். தினக் கணக்கு திடீரென்று எகிறினால் வெடிப்பு அபாயம். திடீரென்று நின்றால் கொடியில் எங்கோ அழுகல், மறுபடி நான்காம் படிக்குப் போங்கள்.

எகிறும் வேகத்தைத் தணிக்க ஒரு வழி, பக்கக்கொடிகளின் நுனியைக் கிள்ளாமல் வளரவிடுவது. வரும் தண்ணீரில் கொஞ்சம் அங்கே போகும். அழகான முக்கோணமாகக் கத்தரித்த தோட்டம் பார்க்க நன்றாயிருக்கும், மழை மிகுந்த வருடத்தில் நுனிகள் ஓடுவதே நல்லது என்பது என் முடிவு.

காம்பருகே வெடிப்பதற்கு மழையோடு இன்னொரு காரணமும் உண்டு. காயின் தோள் உயர உயரக் கொடியை மேலே தூக்கும், மண்ணில் இறங்கிய வேர்கள் கீழே இழுக்கும். இழுபறியில் காம்பு கிழியும். காய்க்கு இருபுறமும் மூன்றடிக்குக் கணுக்களைப் புதைக்காதீர்கள், இறங்கிய வேர்களை வெட்டிவிடுங்கள். காயின்மேல் வெள்ளைத் துணி போட்டு வெயிலை மறைத்தால் தோல் சீக்கிரம் இறுகாது.

காம்பைச் சுற்றி வளையம் வளையமாக விழும் மேலோட்டமான கீறலுக்குக் கலங்க வேண்டாம், ஃபேன் போதும். வெடிப்பிலிருந்து காற்றோ நீரோ வெளியே வந்தால் உள்ளறை வரை போய்விட்டது என்று பொருள். குச்சி விட்டு ஆழம் பார்க்காதீர்கள், இல்லாத ஓட்டையை நாமே போட்டுவிடுவோம்.

8. எடைப் போட்டித் தாள்கள்

மாசசூசெட்ஸின் டாப்ஸ்ஃபீல்டு ஃபேர், ரோட் ஐலண்டின் ஃப்ரெரிக்ஸ் ஃபார்ம் போன்ற போட்டிகளுக்கு நுழைவு விதி, கடைசித் தேதி எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே படித்துவிடுங்கள். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்தின் விதிப்படி காய் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அழுகலோ, உள்ளறை வரை போன வெடிப்போ இருந்தால் பரிசுக்குத் தகுதியில்லை. வெடிப்பில் மெழுகோ பசையோ பூசி எடுத்துப் போகாதீர்கள், அந்நியப் பொருள் கூடாது. எடைபோடும் முன் கீழ்ப்பக்கம்வரை புரட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் வெடித்த காயோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சேதமடைந்தது என்ற குறிப்போடு அதன் எடையையும் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. முன்கூட்டியே நடத்துபவர்களிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். விதையின் தாய் (காய்த்த கொடி), தந்தை (மகரந்தம் தந்த கொடி) விவரத்தையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். இங்கே விதைக்குப் பெயரே காயின் எடை, வளர்த்தவர் குடும்பப் பெயர், வருடம் மூன்றும்தான்.

காய் கொல்லையிலேயே பிளந்துவிட்டால் அன்றே திறந்துவிடுங்கள், கோடை வெயிலில் இரண்டு நாளில் புளித்துவிடும். மகரந்தம் சேர்த்து 60 நாளைத் தாண்டியிருந்தால் விதை பெரும்பாலும் முற்றியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் சப்பையாக அமுங்குவதை ஒதுக்குங்கள். மற்றதைக் கழுவி, வலைத் தட்டில் பரப்பி, அதே ஃபேனின் காற்றில் இரண்டு வாரம் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். உறையின்மேல் தாய் விதை, தந்தை விதை, மகரந்தம் சேர்த்த தேதி, உத்தேச எடை, அதோடு வெடித்த தேதியும் அன்றைய மழை அளவும் எழுதி வையுங்கள்.